கேமராவைத் தூக்கியது யார்?

இன்று ஒரு செல்போனின் எடை சுமார் 200 கிராம். அதற்குள்ளேயே கேமரா இருக்கிறது, ஃபிலிமுக்குப் பதிலாக மெமரி இருக்கிறது, படத்தைக் கழுவும் இருட்டறை வேலையையும் அதுவே செய்துவிடுகிறது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எந்த மலைக்கும் ஏறலாம். எடுத்த படத்தை அங்கே நின்றபடியே பத்து பேருக்கு அனுப்பலாம்.

160 வருடங்களுக்கு முன்னால் இதே வேலைக்கு 30 பேர் முதல் 80 பேர் வரை தேவைப்பட்டார்கள் என்றால் நம்ப முடிகிறதா?

புகைப்படக் கலையின் வரலாற்றைச் சொல்லும் புத்தகங்களில் படம் எடுத்தவரின் பெயர் இருக்கும். லென்ஸ் என்ன, ரசாயனம் என்ன, எந்த வருடம் என்பதெல்லாம் இருக்கும். அந்தப் பெட்டிகள் மலை உச்சிக்கும் காட்டுக்குள்ளும் எப்படிப் போய்ச் சேர்ந்தன என்பது மட்டும் ஒரு வரியில் முடிந்துவிடும். அந்த ஒரு வரியைக் கொஞ்சம் விரித்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு எடைக் கணக்கு

அந்தக் காலத்து கேமரா ஏன் அவ்வளவு பெரியதாக இருந்தது? சின்னதாக ஒன்று செய்து கொண்டு போயிருக்கலாமே என்று யாருக்கும் தோன்றும்.

முடியாது. காரணம் எளிமையானது. இன்று சின்ன நெகட்டிவில் எடுத்துப் பெரிய படமாகப் பிரிண்ட் போடலாம். 1850களில் அப்படிப் பெரிதாக்குவது நடைமுறைக்கு ஒத்துவரவில்லை. நெகட்டிவைக் காகிதத்தின் மேல் நேரடியாக வைத்து, வெயிலில் காட்டித்தான் பிரிண்ட் எடுத்தார்கள். நெகட்டிவ் என்ன அளவோ அதே அளவுதான் படம். சுவரில் மாட்டும் அளவுக்குப் பெரிய படம் வேண்டுமா? நெகட்டிவும் அவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும். நெகட்டிவ் பெரியதென்றால் அதை உள்ளே வைக்கும் கேமராவும் பெட்டி போலப் பெரியதாகத்தான் இருக்கும்.

அந்த நெகட்டிவ் கண்ணாடியால் ஆனது என்றால் பிரச்சினை இன்னும் பெரிது. 12க்கு 10 அங்குலம் உள்ள ஒரு கண்ணாடித் தகட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தடிமன் 2 மில்லிமீட்டர் மட்டுமே என்று வைத்துக்கொண்டாலும் ஒரு தகடு ஏறக்குறைய 400 கிராம் வரும். நூறு தகடு 40 கிலோ. ஒரு தகட்டில் ஒரு படம்தான். அதாவது நூறு படம் எடுக்க வேண்டும் என்றால் வெறும் கண்ணாடியே 40 கிலோ! உடையாமல் இருக்க மரப்பெட்டி, பெட்டிக்குள் வைக்கோல், கேமரா, மூன்றுகால் தாங்கி, ரசாயன பாட்டில்கள், தட்டுகள், இருட்டறைக் கூடாரம் எல்லாம் இதற்கு மேல் தனி.

ஈரம் காய்வதற்குள்

இருட்டறைக் கூடாரத்தை ஏன் மலைக்குத் தூக்கிப் போக வேண்டும்? ஊருக்குத் திரும்பி வந்து கழுவிக்கொள்ளலாமே?

அதுவும் முடியாது. 1851ல் இங்கிலாந்தின் ஃபிரடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் அறிமுகப்படுத்திய முறைக்கு 'ஈரக் கொலோடியன்' என்று பெயர். ஈதரும் ஆல்கஹாலும் கலந்த ஒரு பசைத் திரவத்தைக் கண்ணாடி மேல் சீராக ஊற்ற வேண்டும். பிறகு இருட்டில் வைத்து வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்க வேண்டும். அந்த ஈரம் காய்வதற்குள் கேமராவில் வைத்துப் படம் எடுத்து, திரும்ப ஓடி வந்து, இருட்டுக்குள் வைத்தே கழுவியும் முடிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். காய்ந்துவிட்டால் தகடு வீண்.

எனவே படம் எடுக்கும் இடத்திலேயே இருட்டறை இருந்தாக வேண்டும். பக்கத்தில் சுத்தமான தண்ணீரும் வேண்டும். பள்ளத்தாக்கில் ஓடும் தண்ணீரை உச்சிக்குக் கொண்டு வருவதும் யாரோ ஒருவரின் தோள்தான்.

இன்னொரு முறையும் இருந்தது. பிரான்சின் குஸ்தாவ் லெ கிரே அதே காலத்தில் உருவாக்கிய மெழுகுக் காகித முறை. கண்ணாடிக்குப் பதில் மெழுகு ஏற்றிய காகிதம். இதை முன்கூட்டியே தயார் செய்து சில நாட்கள் வைத்திருக்கலாம், உடையாது, எடையும் குறைவு. ஆனால் கண்ணாடியின் துல்லியம் வராது, படம் பதிய நிமிடக் கணக்கில் நேரம் ஆகும். வெயில் கொளுத்தும் தென்னிந்தியாவில், நீண்ட பயணத்துக்கு, இதுவே கைகொடுத்தது. அப்படி மெழுகுக் காகிதத்தோடு தமிழ்நாட்டுக்குள் வந்தவர்தான் லின்னேயஸ் ட்ரைப்.

தஞ்சாவூருக்குப் போன வண்டிகள்

ட்ரைப் 1822ல் இங்கிலாந்தில் பிறந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் மெட்ராஸ் படையில் அதிகாரி. 1855ல் கம்பெனி அரசு பர்மாவுக்கு அனுப்பிய தூதுக் குழுவில் புகைப்படக்காரராகப் போய் 200க்கும் மேற்பட்ட நெகட்டிவ்களோடு திரும்பினார். அந்த வேலையைப் பார்த்த பிறகு மெட்ராஸ் அரசு அவரை அரசுப் புகைப்படக்காரராக நியமித்தது. மாகாணத்தில் உள்ள கோயில்கள், கோட்டைகள், அரண்மனைகளைப் படமாகப் பதிவு செய்ய வேண்டும் என்பது உத்தரவு.

அன்றைய போக்குவரத்து நிலைமையை யோசித்துப் பாருங்கள். தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரத்தில் இருந்து கிளம்பியது 1856 ஜூலை 1ஆம் தேதி. நம்ம திருவள்ளூர் வழியாக வாலாஜா ரோடு வரை போனது. அவ்வளவுதான் ரயில். திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ தண்டவாளம் வர 1860கள் வரை காத்திருக்க வேண்டும். ட்ரைப் பெங்களூரில் இருந்து புறப்பட்டது 1857 டிசம்பரில். சேலம் பகுதி, திருச்சி, ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று நான்கு மாதத்துக்கு மேல் நடந்த அந்தப் பயணம் முழுக்க மாட்டு வண்டியையும் மனிதத் தோளையும் நம்பித்தான் நடந்தது. அவர் பயன்படுத்திய நெகட்டிவ் 15க்கு 12 அங்குலம். ஒரு தினசரிப் பத்திரிகையை மடித்த அளவு!

வண்டி போகும் இடம் வரை வண்டி. கோட்டைப் பாறை மேல் கேமரா ஏற வேண்டும் என்றால்? படிக்கட்டில் வண்டி ஏறாது. ஆள்தான் ஏற வேண்டும். மதுரையில் திருமலை நாயக்கர் மகால், புதுமண்டபம், தெப்பக்குளம், புதுக்கோட்டைப் பக்கம் திருமயம், திருச்சியில் மலைக்கோட்டை... இந்தப் படங்கள் எல்லாம் இன்றும் உலகத்தின் பெரிய அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

அவற்றிலேயே பெரிய சாதனை தஞ்சாவூர் பெரிய கோயிலில் நடந்தது. விமானத்தின் அடிப்பகுதியில் ஓடும் தமிழ்க் கல்வெட்டு வரிகளை ட்ரைப் வரிசையாகப் படம் பிடித்தார். கேமராவைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி நகர்த்தி எடுத்த படங்கள். 21 பிரிண்டுகளை ஒட்டி ஒரே படமாக்கியபோது அதன் நீளம் சுமார் 19 அடி! ஒவ்வொரு முறையும் அந்தப் பெரிய கேமராவைத் தூக்கி, அதே உயரத்தில், அதே தூரத்தில், அடுத்த இடத்தில் நிறுத்த வேண்டும். இல்லையென்றால் வரிகள் ஒன்றோடொன்று சேராது.

தஞ்சாவூர் கோயிலுக்குக் கனமான கருவிகள் வந்தது இது முதல் முறை அல்ல. 1802ல் பரங்கிமலை அருகே நிலம் அளக்கத் தொடங்கிய வில்லியம் லாம்டன், அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியோடு தெற்கே வந்தார். 1808ல் அதைப் பெரிய கோயிலின் உயரத்துக்குக் கயிறு கட்டி ஏற்றும்போது கருவி சுவரில் மோதிச் சேதமானது. லாம்டனே உட்கார்ந்து வாரக்கணக்கில் அதைச் சரிசெய்தார் என்று வரலாறு பெருமையாகச் சொல்கிறது. கயிறு பிடித்தவர்கள் யார் என்று சொல்வதில்லை. ஐம்பது வருடம் கழித்து ட்ரைப் வந்தபோதும் அதே கதைதான்.

ட்ரைப்பின் படங்களில் மனிதர்கள் அனேகமாக இல்லை. நிமிடக் கணக்கில் அசையாமல் யார் நிற்பது? நடமாடுகிறவர்கள் படத்தில் பதியவே மாட்டார்கள். ஆள் நடமாட்டம் இருந்த கோயில் பிராகாரம்கூட அந்தப் படங்களில் காலியாகத் தெரிகிறது. கேமராவைத் தூக்கி வந்தவர்களும் அந்தக் காலியான இடத்தில்தான் எங்கேயோ நின்றிருக்க வேண்டும்.

செலவு அதிகம், நிறுத்து!

இந்த வேலை எப்படி முடிந்தது என்பது வணிகவியல் படிக்கிறவர்களுக்கு ஆர்வமாக இருக்கும். 1857 கிளர்ச்சிக்குப் பிறகு அரசாங்கத்திடம் பணம் இல்லை. 1859ல் மெட்ராஸ் கவர்னராக வந்த சர் சார்லஸ் டிரெவெல்யன் செலவைக் குறைக்கக் கத்தரிக்கோலோடு உட்கார்ந்தார். புகைப்படத் துறை அவர் கண்ணுக்கு ஆடம்பரமாகத் தெரிந்தது. ட்ரைப்பின் பதவி ஒழிக்கப்பட்டது. அவர் ராணுவ வேலைக்கே திரும்பிப் போனார். 1902ல் இறக்கும் வரை அந்த அளவுக்குப் புகைப்பட வேலை எதுவும் மறுபடி செய்யவில்லை.

அந்த வருடத்துக் கணக்கில் அது வெறும் செலவு. ஆனால் சில வருடங்களுக்குள் திருமலை நாயக்கர் மகாலை அரசு பழுது பார்க்கத் தொடங்கியது. பழுது பார்ப்பதற்கு முன்னால் இடிபாடாக அது எப்படி இருந்தது என்பதற்கு இன்று ட்ரைப்பின் படங்கள் சாட்சி. சில செலவுகளின் பலன் அந்த நிதியாண்டுக்குள் வராது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

பெயர் எழுதிய கல்

தஞ்சாவூரில் ட்ரைப் படம் எடுத்தபோது, அந்தக் கல்வெட்டுகளில் என்ன எழுதியிருக்கிறது என்பது வெளியுலகத்துக்குத் தெளிவாகத் தெரியாது. கோயிலைக் கட்டியது ராஜராஜ சோழன் என்பதே 1880களில் ஹூல்ச் என்ற கல்வெட்டு அறிஞர் படித்துச் சொன்ன பிறகுதான் உறுதியானது.

படித்தபோது என்ன கிடைத்தது தெரியுமா? ஒரு பெரிய சம்பளப் பட்டியல்!

அதே கோயிலின் சுற்றுச் சுவரில் உள்ள நீண்ட கல்வெட்டு ஒன்று, கோயில் பணிக்காகக் கொண்டு வந்து குடியமர்த்தப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளைப் பட்டியல் போடுகிறது. ஒவ்வொருவருக்கும் பெயர், எந்த ஊர்க் கோயிலில் இருந்து வந்தவர், எந்தத் தெரு, எத்தனையாவது வீடு எல்லாம் உண்டு. ஒவ்வொருவருக்கும் வருடத்துக்கு 100 கலம் நெல் என்று பங்கும் குறிக்கப்பட்டிருக்கிறது. அதோடு நிற்கவில்லை. கணக்கு எழுதுபவர், குடை பிடிப்பவர், விளக்கு ஏற்றுபவர், தண்ணீர் தெளிப்பவர், குயவர், வண்ணார், நாவிதர், தச்சர் என்று வேலை செய்யும் எல்லோருக்கும் அந்தப் பட்டியலில் இடம் இருக்கிறது.

ராஜராஜன் காலம் ஏதோ பொற்காலம் என்று சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தப் பெண்கள் விரும்பித்தான் வந்தார்களா என்று கல்வெட்டு சொல்வதில்லை. கோயிலுக்குக் கல் சுமந்த ஆயிரக்கணக்கானவர்களின் பெயர்களும் அதில் இல்லை. ஆனால் குடை பிடித்தவருக்கும் ஒரு பங்கு உண்டு, அது கணக்கில் ஏற வேண்டும் என்ற எண்ணம் சுமார் 1000 வருடங்களுக்கு முன்னால் இருந்திருக்கிறது. அந்தக் கோயிலின் கல்வெட்டுகளை 1858ல் படம் பிடிக்க கேமராவைத் தூக்கியவர்கள் பெயரோ, ட்ரைப்பின் படங்களுக்குக் கீழே எங்கும் இல்லை.

சிம்லாவில் இருந்து 80 பேர்

ட்ரைப்பாவது பெரும்பாலும் சாலையில் போனார். சாலையே இல்லாத இமயமலைக்குக் கண்ணாடித் தகடுகளைத் தூக்கிக்கொண்டு போனவர் சாமுவேல் போர்ன். இங்கிலாந்தில் வங்கி வேலையை விட்டுவிட்டு 1863ல் இந்தியாவுக்கு வந்தவர். போர்ன் அண்ட் ஷெப்பர்ட் என்ற புகழ்பெற்ற ஸ்டூடியோவின் 'போர்ன்' இவர்தான். கல்கத்தாவில் இருந்த அந்த ஸ்டூடியோ 2016ல்தான் மூடப்பட்டது.

போர்ன் மூன்று முறை இமயமலைக்குள் போனார். 1863ல் சட்லெஜ் பள்ளத்தாக்குக்குச் சுமார் 30 சுமைக்காரர்களோடு. 1864ல் காஷ்மீருக்கு 42 பேரோடு. 1866ல் குலு, ஸ்பிதி, கங்கை பிறக்கும் கோமுகம் வரை சுமார் 80 பேரோடு. அந்த மூன்றாவது பயணத்தில் 18,600 அடி உயரமுள்ள மணிரங் கணவாயில் நின்று படம் எடுத்தார். அவ்வளவு உயரத்தில் அதற்கு முன் யாரும் படம் எடுத்ததில்லை. சுமார் இருபது வருடங்கள் அந்தச் சாதனையை யாராலும் முறியடிக்க முடியவில்லை.

80 பேரும் கேமராவைத்தான் தூக்கினார்களா? இல்லை. கண்ணாடித் தகடு, ரசாயனம், இருட்டறைக் கூடாரம் போக, படுக்கை, நாற்காலி மேசை, புத்தகம், உணவு, பிராந்தி பாட்டில் வரை போனது. வெள்ளைக்காரத் துரையின் வீட்டையே மலைக்கு நகர்த்தியது போலத்தான்.

இந்தப் பயணங்களைப் பற்றி போர்னே லண்டனில் வந்த 'பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் போட்டோகிராபி' பத்திரிகையில் தொடராக எழுதினார். அதில் அவர் மறைக்காமல் எழுதிய ஒரு விஷயம் இருக்கிறது. முதல் பயணத்தில், நடு வழியில் சுமைகளைப் போட்டுவிட்டுச் சிலர் ஓடிவிட்டார்கள். போர்ன் கையில் ஒரு தடியை எடுத்துக்கொண்டு கிராமத்துக்குள் போய், வீடு வீடாகத் தேடி, ஒளிந்திருந்தவர்களைக் கண்டுபிடித்து அடித்து இழுத்து வந்து சுமையைத் தூக்க வைத்தார். வாசகர்கள் ரசிக்கும் ஒரு சாகசச் சம்பவம் போலத்தான் அதைச் சொல்லியிருக்கிறார்.

அவர்கள் ஏன் ஓடினார்கள்? அது அவர்களுடைய தொழில் இல்லை. அவர்கள் விவசாயிகள், ஆடு மேய்ப்பவர்கள். துரை வருகிறார் என்றால் அடுத்த ஊர் வரை சுமக்க இத்தனை பேரை அனுப்ப வேண்டும் என்று கிராமத் தலைவருக்கு உத்தரவு வரும். அறுவடைக் காலமா, வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்றெல்லாம் கேட்பதில்லை. பனியில் போட்டுக்கொள்ளச் செருப்பு இருக்கிறதா என்றும் கேட்பதில்லை. கொடுக்கும் காசு சொற்பம். உயரம் கூடக் கூட உயிருக்கும் ஆபத்து. உடைந்தால் அந்தப் பயணமே வீணாகும் கண்ணாடி வேறு முதுகில்.

போர்ன் இவர்களைக் குறிப்பிடும் சொல் 'கூலி'. இந்தச் சொல்லைக் கவனியுங்கள். தமிழில் கூலி என்றால் வேலைக்குக் கொடுக்கும் காசு. வேலை செய்பவரைக் கூலிக்காரர், கூலியாள் என்போம். ஆங்கிலத்துக்குப் போனபோது காசுக்கான சொல் மனிதனுக்கான சொல்லாகிவிட்டது. குஜராத் பக்கத்துக் கோலி என்ற இனத்தின் பெயரில் இருந்து வந்தது என்று சொல்பவர்களும் உண்டு. எப்படி வந்திருந்தாலும், அந்தச் சொல்லுக்குள் போன பிறகு ஒருவருக்குச் சொந்தப் பெயர் தேவைப்படவில்லை.

போர்னின் படங்களை இதனால் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. உறையும் குளிரில், மூச்சு முட்டும் உயரத்தில், கூடாரத்துக்குள் ஈதர் வாசனையோடு போராடி அவர் எடுத்த படங்கள் இன்றும் பிரமிக்க வைக்கின்றன. உழைப்பும் கலையும் அவருடையது. ஆனால் அந்த உயரத்துக்கு அவர் தனியாகப் போகவில்லை. அவருடைய ஸ்டூடியோ ஒவ்வொரு நெகட்டிவுக்கும் எண் கொடுத்து, விலைப்பட்டியல் அச்சடித்து விற்றது. கண்ணாடிக்கு எண் கிடைத்தது. சுமந்தவருக்கு அதுவும் இல்லை.

ஆற்றில் போட்ட பதிவேடுகள்

மலை மக்களின் பெயர்களை யாருமே எழுதி வைக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. வேறொரு இடத்தில் எழுதி வைத்திருந்தார்கள்.

இப்படிக் கட்டாயமாகச் சுமக்க வைக்கும் முறைக்கு இமயமலைப் பகுதியில் 'பேகார்' என்று பெயர். அதிகாரிகள், வேட்டைக்குப் போகும் துரைமார்கள் என்று யார் வந்தாலும் ஊர் சுமக்க வேண்டும். யார் யார் முறை எப்போது என்பதற்குக் கிராமந்தோறும் பதிவேடு இருந்தது. ஏழை மலைவாசியின் பெயர் அரசாங்கத்தின் புத்தகத்தில் ஏறியது, அவன் சுமக்க வேண்டிய கடனுக்காக!

1921 ஜனவரியில், இன்றைய உத்தராகண்ட் மாநிலத்தில் உள்ள பாகேஷ்வரில், மகர சங்கராந்தித் திருவிழாவுக்குக் கூடிய ஆயிரக்கணக்கான மக்கள் இனிமேல் சுமக்க மாட்டோம் என்று உறுதி எடுத்தார்கள். பத்ரி தத் பாண்டே போன்றவர்கள் முன்னால் நின்றார்கள். கிராமத் தலைவர்கள் தங்களிடம் இருந்த கூலிப் பதிவேடுகளைக் கொண்டு வந்து சரயு ஆற்றில் வீசினார்கள். நாம் பொங்கல் கொண்டாடும் அதே நாளில்தான் இது நடந்தது. குமாவுன் பகுதியில் அந்த முறை அதோடு முடிவுக்கு வந்தது.

1863ல் சுமையைப் போட்டுவிட்டு ஓடியவர்கள் சோம்பேறிகள் இல்லை என்பதற்கு 1921 ஒரு பதில். அன்று தனித்தனியாக ஓடினார்கள். பிறகு ஒன்றாக நின்று மறுத்தார்கள். இரண்டும் ஒரே மறுப்புதான்.

எடை குறைந்த கதை

இதற்கிடையில் தொழில்நுட்பம் தன் வேலையைச் செய்தது. 1871ல் ரிச்சர்ட் மேடாக்ஸ் என்ற ஆங்கில டாக்டர் ஜெலட்டின் உலர் தகடு முறையை வெளியிட்டார். சில வருடங்களில் அது கடைக்கு வந்தது. ஈரம் காயும் என்ற பயம் போயிற்று, இருட்டறைக் கூடாரம் தேவையில்லாமல் போயிற்று. 1888ல் ஈஸ்ட்மனின் கோடக் கேமரா ரோல் ஃபிலிமோடு வந்தது. கண்ணாடியும் போயிற்று. முப்பது வருடத்துக்குள் முப்பது பேரின் சுமை ஒருவர் கையில் அடங்கியது.

ஆனால் ஒரு இடத்தில் மட்டும் எடை பிடிவாதமாக நின்றது. அது காட்டு விலங்குப் படம். விலங்கு நம் பக்கத்தில் வராது. அதனால் நீண்ட லென்ஸ் வேண்டும். நீண்ட லென்ஸ் என்றால் கனம்.

தமிழ்நாட்டில் இதற்கு நல்ல உதாரணம் மா.கிருஷ்ணன். நாவலாசிரியர் அ.மாதவையாவின் மகன், 1912ல் பிறந்தவர். 1950ல் இருந்து 1996ல் இறக்கும் வரை 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் இயற்கை பற்றித் தொடர்ந்து எழுதியவர். பத்மஸ்ரீ பெற்றவர். முதுமலை போன்ற காடுகளில் கால்நடையாகவும் யானை மேல் அமர்ந்தும் யானை, காட்டெருமை, மான்களைப் படம் எடுத்தார். கடைசி வரை கறுப்பு வெள்ளைதான். பல இடங்களில் இருந்து பாகங்களைச் சேர்த்து அவரே உருவாக்கிய ஒரு கனமான கேமராவுக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயர் வைத்திருந்தார். லத்தீனில் அந்தச் சொல்லுக்குக் கனமானது என்று அர்த்தம். தன் சுமையைப் பார்த்துத் தானே சிரிக்கத் தெரிந்த மனிதர்!

கிருஷ்ணனிடம் 80 பேர் இல்லை. ஆனாலும் யானை மேல் போக வேண்டும் என்றால் பாகன் வேண்டும். காட்டின் வழியும் வாசனையும் தெரிந்த ஒருவர் முன்னால் நடக்க வேண்டும். எடை எவ்வளவு குறைந்தாலும், வழி தெரிந்தவரின் தேவை குறையவில்லை.

பழவேற்காட்டில் இன்று

இதெல்லாம் பழங்கதை என்று நினைத்தால், ஒரு குளிர்காலக் காலையில் பழவேற்காடு ஏரிக்குப் போய்ப் பார்க்கலாம். திருவள்ளூர் மாவட்டத்தின் கிழக்கு ஓரம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் ஆலைகளில் இருந்து அதிக தூரம் இல்லை. பூநாரைகள் வரும் மாதங்களில் கேமராக்காரர்களும் வருவார்கள். பறவைப் படத்துக்கான பெரிய லென்ஸ் மட்டுமே 3 கிலோவில் இருந்து 5 கிலோ வரை இருக்கும். கேமரா, ஸ்டாண்ட், பை எல்லாம் சேர்ந்தால் பத்து கிலோவைத் தாண்டும். கரையில் இருந்து படகு வரை சேறு. படகு எங்கே தரை தட்டும், பறவை எந்தத் திட்டில் இறங்கும், எவ்வளவு பக்கத்தில் போனால் கூட்டம் எழுந்து பறந்துவிடும் என்பதெல்லாம் படகு தள்ளுகிற மீனவருக்குத்தான் தெரியும்.

கும்மிடிப்பூண்டி பக்கத்தில் லாரியில் சுமை ஏற்றி இறக்குபவர்களைத் தினமும் பார்க்கிறவர்களுக்குச் சுமையின் அருமை தெரியும். சுமப்பவரின் உடம்புக்கும் ஒரு வரம்பு உண்டு என்பதைச் சட்டம் ஒப்புக்கொள்ளவே வெகு காலம் ஆனது. காயம் ஏற்படும் அளவுக்கு யாரையும் பாரம் தூக்க வைக்கக்கூடாது என்று 1948ஆம் வருடத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் 34ஆவது பிரிவு சொன்னது. ஒரு ஆண் தூக்கும் சுமை 55 கிலோவைத் தாண்டினால் அதைக் குறைக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 1967ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு பரிந்துரைத்தது. 1982ல் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கென்று தனிச் சட்டம் கொண்டு வந்தது. போர்னின் தடிக்கும் இந்தச் சட்டங்களுக்கும் நடுவில் நூறு வருடங்கள் இருக்கின்றன.

இன்றைய டிஜிட்டல் கேமரா எடுக்கும் ஒவ்வொரு படத்துக்குள்ளும் ஒரு குறிப்பு தானாகவே பதிவாகிறது. எந்த கேமரா, எந்த லென்ஸ், ஷட்டர் வேகம் என்ன, எந்தத் தேதி, எத்தனை மணி, எத்தனை நிமிடம், எத்தனை நொடி. சில கேமராக்கள் இடத்தையும் குறித்து வைக்கின்றன. இணையத்தில் போடும்போது இவ்வளவையும் படத்துக்குக் கீழே எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள்.

படகு தள்ளியவரின் பெயரை எந்த கேமராவும் தானாகப் பதிவு செய்யாது. அதை அவரிடம் கேட்டு, எடுத்தவர்தான் கையால் எழுத வேண்டும்.